டிவிடியில் வாங்கிய நகைச்சுவைத் தொடரில் பாட்டையே மாற்றி வைத்திருக்கிறார்களே, ஏன்?

வட்டுப்பெட்டி

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த இழை.

'டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி' பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். 1978 முதல் 1982 வரை அமெரிக்காவில் சிபிஎஸ் அலைவரிசையில் வந்த நகைச்சுவைத் தொடர், மொத்தம் 90 அத்தியாயம். நொடித்துப்போன ஒரு வானொலி நிலையம் திடீரென்று ராக் இசைக்கு மாறுகிறது, அதுதான் கதை. அமெரிக்காவில் இருந்த என் பெரியப்பா தொலைக்காட்சியிலிருந்து நாடாவில் பதிந்து வைத்திருந்தார். சின்ன வயதில் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பாதி வசனம் மனப்பாடம். 2007இல் வந்த முதல் பருவ டிவிடி இப்போதுதான் கைக்கு வந்தது.

லெஸ் நெஸ்மன் என்று ஒரு செய்தி வாசிப்பாளர் வருவார். வரவேற்பில் இருக்கும் ஜெனிஃபரோடு வெளியே போகத் தயாராகிறார். கண்ணாடி முன்னால் நின்று டோப்பாவை எடுத்துத் தலையில் வைக்கிறார். மூலத்தில் அந்த இடத்தில் ஃபாரினர் குழுவின் 'ஹாட் பிளடட்' அதிரும். பயந்த சுபாவமுள்ள அந்த மனுஷர், இரத்தம் கொதிக்குது என்று முழங்கும் அந்தப் பாட்டு, கையில் அந்த முடி. மூன்றும் ஒன்றாகச் சேரும்போதுதான் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

வட்டில் போட்டுப் பார்த்தால் பெயர் ஊர் தெரியாத ஏதோ ஒரு கிடார் சத்தம். அரங்கில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. இரண்டு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். என் நினைவுதான் பிசகோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

காசு கொடுத்து உரிமம் வாங்கித்தானே அன்றைக்கு அந்தப் பாட்டைப் போட்டிருப்பார்கள்? ஒருமுறை வாங்கினது வாங்கினதுதானே? இதில் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உரிமைக்கணக்கு

உங்கள் நினைவு பிசகவில்லை, வட்டுப்பெட்டி. மாற்றித்தான் வைத்திருக்கிறார்கள். படங்களுக்கும் தொடர்களுக்கும் பாட்டு உரிமம் வாங்கித் தரும் வேலையில் சில வருஷம் இருந்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு பாட்டுக்கு இரண்டு சொந்தக்காரர்கள். மெட்டும் வரியும் ஒருவருடையது. பெரும்பாலும் அது இசைப் பதிப்பகத்தின் கையில் இருக்கும். ஒலிப்பதிவு இன்னொருவருடையது, அது இசைத்தட்டு நிறுவனத்தின் கையில். பாட்டைப் படத்தோடு சேர்த்து ஒட்ட பதிப்பகத்திடம் வாங்குவது சிங்க் உரிமம். அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவையே பயன்படுத்த இசைத்தட்டு நிறுவனத்திடம் வாங்குவது மாஸ்டர் உரிமம். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் பாட்டு போச்சு.

இதற்கு வெளியே, ஒளிபரப்பும்போது மெட்டுக்கும் வரிக்கும் உரிய பணத்தை நிலையங்களே ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற சங்கங்களுக்கு மொத்தமாகக் கட்டிவிடும். தயாரிப்பாளர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணம் காற்றில் போவதற்கு மட்டும்தான். வட்டாகவோ நாடாவாகவோ அச்சடித்து ஆளுக்கு ஒன்று விற்கிறீர்கள் என்றால் அதற்குத் தனியாகப் பேசி, தனியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

1978இல் இதையெல்லாம் யார் யோசித்தார்கள்? நாடாக் கருவி அமெரிக்க வீடுகளுக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. ஒரு முழுத் தொடரைப் பெட்டியில் போட்டு விற்பார்கள், ஜனங்கள் வாங்கி அலமாரியில் அடுக்குவார்கள் என்று எவர் கனவிலும் வரவில்லை. அதனால் 'இத்தனை வருஷத்துக்குத் தொலைக்காட்சியில் காட்டலாம்' என்று குறுகின காலத்துக்கு, குறைந்த விலைக்கு எழுதி வாங்கினார்கள்.

உங்கள் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஃபிலிமில் எடுக்காமல் வீடியோ நாடாவில் எடுத்ததற்குப் பாட்டுதான் காரணம் என்று அதை உருவாக்கிய ஹியூ வில்சனே சொல்லியிருக்கிறார். ஆடலும் பாடலுமாக வரும் பல்சுவை நிகழ்ச்சிகளுக்காக, வீடியோ நாடாவில் எடுப்பவற்றுக்கு அன்றைக்கு இசைக் கட்டணம் குறைவு. அந்தச் சலுகைக்குள் இந்தத் தொடரும் நுழைந்துகொண்டது. சலுகை விலையில் கிடைத்ததால்தான் அசல் ராக் பாட்டுகளை அவ்வளவு தாராளமாகப் போட முடிந்தது. தொடர் முடிந்து மறுஒளிபரப்புக்குப் போன புதிதில்கூட உரிமக் காலம் மிச்சம் இருந்தது, பாட்டும் இருந்தது. கெடு முடிந்த பிறகு வந்த பிரதிகளில்தான் ஒவ்வொன்றாகக் கழன்றது.

ஒலிக்கலவை

உரிமைக்கணக்கு சொன்னதோட தொழில் பக்கத்தையும் சேத்துக்கறேன். நான் ஒலிக்கலவை மேசையில உக்காந்து சோறு திங்கிறவன்.

பாட்டை எடுத்துட்டு வேற பாட்டைப் போடறது கேக்க சுலபம். வசனம் தனி, இசை தனி, ஓசை தனின்னு தனித்தனி தடத்துல இருந்தா அரை மணி நேர வேலை. ஆனா அரங்குல ஆளுங்களை உக்கார வெச்சு எடுத்த தொடர்கள்ல நிறைய சமயம் எல்லாமே ஒரே தடத்துல கலந்து கிடக்கும். நடிகர் பேசறாரு, பின்னால பாட்டு ஓடுது, அதுக்கு மேல ஜனங்க சிரிக்கிறாங்க. பாட்டை மட்டும் உருவி எடுக்க வழியே கிடையாது. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?

அப்ப என்ன பண்ணுவாங்கன்னா மூணே வழி. அந்த இடத்தோட மொத்தச் சத்தத்தையும் தூக்கிட்டு வசனத்தை மறுபடி பேச வெப்பாங்க. இல்லேன்னா காட்சியையே வெட்டுவாங்க. அதுவும் இல்லேன்னா பணத்தைக் கட்டுவாங்க. டபிள்யூ.கே.ஆர்.பி.யில முதல் வழியும் நடந்திருக்கு. 1990களோட தொடக்கத்துக்கு அப்புறம் வந்த பிரதிகள்ல சில இடத்துல நடிகர்களோட சொந்தக் குரலே கிடையாது, அவங்களை மாதிரி பேசறவங்களை வெச்சு டப் பண்ணினது.

நீங்க ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்க. பாட்டு வர்ற இடத்துல திடீர்னு அறையோட எதிரொலி மாறும். அதுவரைக்கும் பெரிய கூடத்துல பேசினவர் சட்டுனு ஒரு அலமாரிக்குள்ள நின்னு பேசற மாதிரி இருக்கும். சிரிப்புச் சத்தமும் பாதியில அறுந்து ஒட்டுப்போட்ட மாதிரி கேக்கும். நடிகர் உயிரைக் கொடுத்து ஒரு வரியைச் சரியான நொடியில சொல்லியிருப்பாரு. அந்தக் குரலையே எடுத்துட்டு வேற ஒருத்தர் குரலை வெக்கிறாங்கன்னா, ஒலிக்காரனா எனக்கு அது நெஞ்சு பொறுக்காத விஷயம்.

வட்டுப்பெட்டி

ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன். நீங்கள் சொன்ன அந்த எதிரொலி மாற்றம் அப்படியே தெரிகிறது. இனிமேல் கேட்காமல் இருக்க முடியாது போல.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. ஜெனிஃபர் வீட்டு அழைப்பு மணி 'ஃப்ளை மீ டு த மூன்' மெட்டில் அடிக்கும். ஆள் வரும்போதெல்லாம் அது அடிப்பதே ஒரு தொடர் வேடிக்கை. பின்னாளைய பிரதிகளில் அது 'பியூட்டிஃபுல் ட்ரீமர்' ஆகிவிட்டதாமே? ஒரு மணியோசைக்குமா உரிமம்?

உரிமைக்கணக்கு

மணியோசையானாலும் மெட்டு மெட்டுதான். அங்கே ஒலிப்பதிவு யாருடையதும் இல்லை, அதனால் மாஸ்டர் உரிமம் வேண்டாம். பதிப்பகத்தின் சிங்க் உரிமம் வேண்டும். 'பியூட்டிஃபுல் ட்ரீமர்' ஸ்டீஃபன் ஃபாஸ்டர் எழுதியது. அவர் 1864இலேயே காலமானவர். அந்தப் பாட்டு பொதுவுடைமை ஆகி வெகுகாலம் ஆயிற்று, யாருக்கும் ஒரு செண்ட் கொடுக்க வேண்டியதில்லை. மாற்றுகிறவர்கள் முதலில் தேடுவது இந்த மாதிரிப் பாட்டைத்தான்.

சட்டக்கல்

'ஒருமுறை வாங்கினது வாங்கினதுதானே' என்ற கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றங்களே பதில் சொல்லியிருக்கின்றன. இரண்டு வழக்கு. இரண்டும் திரைப்படம் சம்பந்தப்பட்டவைதான், ஆனால் தொலைக்காட்சித் தொடர்களின் தலையெழுத்தையும் சேர்த்தே எழுதியவை.

முதலாவது கோஹன் எதிர் பாரமவுண்ட், 1988, ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம். 'மீடியம் கூல்' என்ற படத்தில் ஒரு பாட்டைப் பயன்படுத்த 1969இல் உரிமம் கொடுத்திருந்தார்கள். திரையரங்கில் காட்டலாம், 'தொலைக்காட்சி வழியாக' காட்டலாம் என்று அதில் இருந்தது. பிற்பாடு படம் வீடியோ கேசட்டாக வந்தது. கேசட்டையும் தொலைக்காட்சிப் பெட்டியில்தானே பார்க்கிறார்கள் என்று ஸ்டூடியோ வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒளிபரப்பு என்பது நிலையம் அனுப்ப, பார்ப்பவர் வாங்கிக்கொள்வது. கேசட் என்பது பார்ப்பவர் தன் கையில் வைத்துக்கொண்டு வேண்டும்போது போடுவது. இரண்டும் ஒன்றில்லை, எழுதிக்கொடுக்காத உரிமை கொடுத்தவரிடமேதான் இருக்கும் என்று தீர்ப்பு.

இரண்டாவது பூஸி அண்ட் ஹாக்ஸ் எதிர் டிஸ்னி, 1998, இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம். 'ஃபேன்டேசியா' படத்துக்காக ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையை 1939இல் உரிமம் வாங்கியிருந்தார்கள். அது வீடியோவுக்கும் செல்லுமா என்று கேள்வி. எந்த முறையிலும் ஊடகத்திலும் பதிவு செய்யலாம் என்கிற மாதிரி அகலமான சொற்கள் அதில் இருந்ததால் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது.

1939 தாள் வீடியோவுக்கும் பாய்ந்தது, அதற்கு 30 வருஷம் பிந்திய தாள் பாயவில்லை. எல்லாம் அந்தத் தாளில் இருந்த நாலு சொல்லைப் பொறுத்தது. இதைப் பார்த்த ஸ்டூடியோ வக்கீல்கள் 'இப்போது உள்ள, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களுக்கும்' என்ற வரியை ஒப்பந்தத்தில் கேட்காமல் விடுவதில்லை. ஆனால் 70களிலும் 80களிலும் எழுதிய பழைய தாள்களை இனி யார் திருத்துவது?

சும்மாபார்ப்பவன்

எல்லாம் சரி. ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. நகைச்சுவைத் தொடர் என்றால் வசனமும் நடிப்பும்தானே? அது ஒரு சொல் குறையாமல் இருக்கிறது. பின்னால் ஓடுகிற பாட்டு மாறினால் குடியா முழுகிவிடும்? பாட்டு வேண்டுமானால் தனியாகக் கேட்டுக்கொள்ளலாமே. பாட்டைக் காரணம் காட்டித் தொடரே வெளிவராமல் போவதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

பழையநாடா

சும்மாபார்ப்பவன், நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம், வராமலே போவதற்கு இது மேல். ஆனால் 'பின்னால் ஓடுகிற பாட்டு' என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

டபிள்யூ.கே.ஆர்.பி.யின் புகழ்பெற்ற வான்கோழி அத்தியாயத்தில் ஒரு சின்னக் காட்சி. நிலையத்தில் பாட்டுப் போடும் அறிவிப்பாளர் டாக்டர் ஜானி ஃபீவர் ஒலிபரப்பு அறையில் பிங்க் ஃப்ளாய்டின் 'டாக்ஸ்' ('நாய்கள்') ஓடவிட்டிருக்கிறார். ராக் இசையே பிடிபடாத நிலைய மேலாளர் கார்ல்சன் உள்ளே வருகிறார். இது என்ன வாத்தியக் குழு என்கிறார். கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இதில் நாய் குரைப்பது மாதிரி கேட்கிறதே என்கிறார். ஜானி அசராமல், எனக்கும் கேட்கிறது என்கிறார். உண்மையிலேயே அந்தப் பாட்டில் நாய் குரைக்கும்! பாட்டு இல்லாமல் இந்தக் காட்சியில் என்ன மிஞ்சும்? ஒன்றுமில்லை. அதனால்தான் பின்னாளைய பிரதிகளில் அதை வெட்டியே போட்டார்கள். வசனமும் போச்சு, நடிப்பும் போச்சு. 'ஒரு சொல் குறையாமல்' எங்கே இருக்கிறது?

இன்னொன்று பாருங்கள், 'மேரீட்... வித் சில்ட்ரன்'. தொடக்கத்தில் ஃபிராங்க் சினாட்ராவின் 'லவ் அண்ட் மேரேஜ்' வரும். காதலும் கல்யாணமும் குதிரையும் வண்டியும் மாதிரி என்று அவர் குழைந்து பாடுகிறார். சோபாவில் உட்கார்ந்திருக்கும் அல் பண்டியிடம் பெண்டாட்டி, பிள்ளைகள், நாய் உட்பட ஒவ்வொருவராக வந்து காசைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். முகத்தில் ஈயாடவில்லை மனுஷனுக்கு. தொடர் முழுவதும் சொல்லப்போவதை அந்த ஒரு நிமிடத்திலேயே சொல்லிவிடுவார்கள். அமெரிக்க டிவிடியில் மூன்றாம் பருவத்திலிருந்து சினாட்ரா இல்லை, யாரோ போட்ட ஒரு கருவியிசை. அதே சோபா, அதே காசு, ஆனால் கேலியின் முதுகெலும்பை உருவியாயிற்று.

1950களின் கதையைச் சொல்கிற 'ஹாப்பி டேஸ்' முதல் பருவம் 2004இல் வட்டாக வந்தபோது பாட்டெல்லாம் அப்படியே இருந்தது. 2007இல் இரண்டாம் பருவம் வந்தபோது தொடக்கத்தில் வரும் 'ராக் அரவுண்ட் த கிளாக்' உட்பட மாறிவிட்டது. காலத்தைக் காட்டவே அந்தப் பாட்டுகள்.

ஒலிக்கலவை

பழையநாடா சொல்றது நூத்துக்கு நூறு. அதோட நடிகர்கள் அந்தத் தாளத்துக்குத்தான் நடந்திருப்பாங்க. படத்தொகுப்பாளரும் அந்தத் தாளத்துலதான் வெட்டியிருப்பாரு. புதுப் பாட்டோட தாளம் அரை நொடி தள்ளி விழுந்தாலும் நகைச்சுவை அங்கயே செத்துடும்.

மெட்டுக்காரி

இழை போகிற போக்கில் பாட்டுக்காரர்கள்தான் பேராசை பிடித்த வில்லன்கள் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் மெட்டமைக்கிறவள், சின்ன அளவில்தான். என் தரப்பையும் கேளுங்கள்.

நகைச்சுவைக் காட்சிக்கு உயிரே பாட்டுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அந்தத் தொடரைப் பெட்டியில் போட்டு மறுபடி விற்கும்போது உயிர் கொடுத்தவருக்கு ஒரு பங்கு வேண்டாமா? எழுத்தாளர்களுக்கும் நடிகர்களுக்கும் மறுவிற்பனையில் பங்கு உண்டு, அதற்குச் சங்கங்கள் போராடியிருக்கின்றன. பாட்டெழுதியவர் மட்டும் 1978இல் வாங்கிய சலுகை விலையோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

அதோடு, 'நான் ஒன்றும் அதிகம் கேட்கவில்லையே' என்று ஒரு பாட்டாசிரியர் நினைத்தாலும் காரியம் அவர் கையில் இருப்பதில்லை. ஒரு பாட்டை நாலு பேர் சேர்ந்து எழுதியிருப்பார்கள். ஒவ்வொருவர் பங்கும் ஒவ்வொரு பதிப்பகத்தில் இருக்கும். பதிப்பகங்களே கைமாறியிருக்கும், குழு பிரிந்திருக்கும், ஒருவர் இறந்து வாரிசுகளுக்குள் வழக்கு நடக்கும். அத்தனை பேர் கையெழுத்தும் வந்தால்தான் அனுமதி. சில கலைஞர்கள் பணத்துக்காக இல்லாமல், கொள்கையாகவே மறுப்பதும் உண்டு. அது அவர்கள் படைப்பு, அவர்கள் உரிமை.

உரிமைக்கணக்கு

மெட்டுக்காரி சொல்வது அத்தனையும் உண்மை. இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாதது. 'மோஸ்ட் ஃபேவர்டு நேஷன்ஸ்' என்று ஒரு ஷரத்து உண்டு. 'எனக்கு இவ்வளவு போதும், ஆனால் வேறு யாருக்காவது அதைவிடக் கூடக் கொடுத்தால் எனக்கும் அதே அளவு கொடுக்க வேண்டும்' என்பதுதான் அதன் சாரம். பதிப்பகம் ஒரு விலைக்குச் சம்மதித்திருக்கும். இசைத்தட்டு நிறுவனம் அதைப்போல இரண்டு மடங்கு கேட்கும். கொடுத்தால் பதிப்பகத்துக்கும் உயர்த்த வேண்டும். பெட்டி முழுவதற்கும் இந்த ஷரத்து ஓடினால், ஒரு பாட்டில் ஏறின விலை எல்லாப் பாட்டிலும் ஏறும். ஒரு பருவத்தில் ஐம்பது பாட்டு இருந்தால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இத்தனைக்கும் வட்டு எத்தனை விற்கும் என்று தெரிவதற்கு முன்னாலேயே முன்பணம் எண்ணி வைக்க வேண்டும்.

இந்தக் கணக்கில்தான் பல தொடர்கள் சிக்கின. 'மால்கம் இன் த மிடில்' முதல் பருவம் அமெரிக்காவில் 2002இல் வட்டாக வந்தது. இரண்டாம் பருவம் வரும் வரும் என்று சொல்லி, இசைச் செலவால் நின்றது. 'ஆலி மெக்பீல்' முழுத் தொடராக அமெரிக்காவில் வர 2009 வரை ஆனது. அதில் ஒரு மதுக்கூடத்தில் பாட்டுப் பாடாத அத்தியாயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மெட்டுக்காரியோடு எனக்குச் சின்ன மாறுபாடு. நியாயமான பங்கு வேண்டும் என்பது சரி. ஆனால் உரிமம் கிடைக்காத பாட்டால் யாருக்கும் ஒரு காசும் வரவில்லை. கொஞ்சம் குறைத்துக்கொண்டு எத்தனை வட்டு விற்கிறதோ அத்தனைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டிருந்தால் பாட்டும் இருந்திருக்கும், பணமும் வந்திருக்கும். நான் வேலையில் இருந்தபோது ஒரு பெரிய பதிப்பகத்திடம் இதையே மாதக்கணக்கில் கெஞ்சியிருக்கிறேன். பதில் கடிதம் வருவதற்குள் வெளியீட்டுத் தேதி தாண்டிவிட்டது. பாட்டை எடுத்துவிட்டு வேறு போட்டோம். இன்றைக்கும் அந்தக் காட்சியைப் பார்க்க எனக்கு மனசு வராது.

மெட்டுக்காரி

உரிமைக்கணக்கு அண்ணா, விற்றதற்கு ஏற்ப என்றால் நான் இப்போதே கையெழுத்துப் போடுவேன். முன்பணம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது பெரும்பாலும் எங்களுக்கு மேலே இருப்பவர்கள்.

வானொலிப்பிரியை

நல்லபடியாக நடந்ததையும் கொஞ்சம் பேசுவோமே. மனசுக்கு இதமாக இருக்கும்.

'ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்'. 1999-2000இல் வந்தது, 18 அத்தியாயம்தான். 1980 வாக்கில் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் கதை, அந்தக் காலத்து ராக் பாட்டுகள் உடம்பு முழுக்க ஓடும் தொடர். பாட்டை மாற்றினால் வட்டு வேண்டாம் என்று அதை உருவாக்கியவர்கள் உறுதியாக நின்றார்கள். ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2004இல் ஷவுட்! ஃபேக்டரி என்ற சிறிய நிறுவனம் எல்லாப் பாட்டோடும் வெளியிட்டது.

'த வொண்டர் இயர்ஸ்' கதை அதைவிடப் பெரிசு. 1988 முதல் 1993 வரை வந்த தொடர். 300க்கும் மேற்பட்ட பாட்டுகள் என்பதால் பல வருஷம் முழுத் தொகுப்பாக வரவே இல்லை. இணையத்தில் முதலில் வந்தபோது, தொடக்கத்தில் ஜோ காக்கர் தொண்டை கிழியப் பாடுகிற பாட்டையே வேறு ஒருவர் குரலில் போட்டிருந்தார்கள். அந்தக் குரலைக் கேட்டு நான் முதல் நிமிடத்திலேயே நிறுத்திவிட்டேன். 2014இல் முழுத் தொடரும் வட்டாக வந்தபோது ஏறக்குறைய எல்லாப் பாட்டும் திரும்பி வந்திருந்தன, ஜோ காக்கர் உட்பட. பள்ளி லாக்கர் மாதிரி ஒரு சின்னத் தகரப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாட்டாகப் போய்ப் பேசி வாங்கியவர்களை நான் கும்பிடுகிறேன்.

வட்டுப்பெட்டி, உங்களுக்கும் ஒரு நல்ல செய்தி. டபிள்யூ.கே.ஆர்.பி. முழுத் தொடரையும் அதே ஷவுட்! ஃபேக்டரி 2014இல் வெளியிட்டது, மூலப் பாட்டுகளில் பெரும்பகுதியோடு. எல்லாமும் இல்லை, ஆனால் 2007 வட்டுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சும்மாபார்ப்பவன்

பழையநாடா சொன்ன நாய் குரைக்கும் காட்சி என்னை யோசிக்க வைத்துவிட்டது. என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மாற்றியிருக்கிறோம் என்று பெட்டி மேலேயே எழுதலாமே? எழுதுகிறார்களா?

பழையநாடா

எழுதுகிறார்கள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற அளவில். 'சில இசை மாற்றப்பட்டிருக்கலாம்' என்று பின்பக்கம் மூலையில் ஒரு வரி இருக்கும். மாற்றப்பட்டிருக்கலாமாம்! மாற்றியவர்களுக்குத் தெரியாதா, மாற்றினார்களா இல்லையா என்று?

இதில் 'டாரியா' வெளியீட்டை மெச்ச வேண்டும். 1997 முதல் 2002 வரை எம்டிவியில் வந்த கார்ட்டூன். பாட்டு அலைவரிசை ஆயிற்றே, அன்றைய வெற்றிப் பாட்டுகளைக் காட்சிக்குக் காட்சி தூவியிருப்பார்கள். 2010இல் வட்டு வந்தபோது தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான க்ளென் ஐக்லரே குறிப்பு எழுதினார்: இசையில் 99 சதவீதத்தை மாற்றியாயிற்று, அத்தனைக்கும் உரிமம் வாங்கும் செலவில் இந்தத் தொகுப்பே வந்திருக்காது என்று. படித்தபோது வருத்தமாக இருந்தது, ஆனால் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றவில்லை. எல்லோரும் இப்படி ஒரு தாளை உள்ளே வைத்தால் போதும், நான் சண்டையே போடமாட்டேன்.

வாங்குவதற்கு முன்னால் நான் செய்வது இதுதான். வெளியான வருஷத்தையும் வெளியிட்ட நிறுவனத்தையும் பார்ப்பேன். ஒரே தொடருக்கு இரண்டு மூன்று பதிப்பு இருக்கும், ஒன்றில் இருக்கும் பாட்டு இன்னொன்றில் இருக்காது. அத்தியாயத்தின் நீளத்தைப் பார்ப்பேன். மற்ற அத்தியாயங்களைவிட ஒன்று மட்டும் ஒன்றரை நிமிடம் குறைந்தால் எதையோ வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பருவம் பருவமாகப் பார்க்க வேண்டும், முதல் பருவம் நன்றாக இருந்தது என்று நம்பி இரண்டாவதை வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

வானொலிப்பிரியை

இணையத்தில் பார்க்கிறவர்களும் தப்பவில்லை. 'ஸ்க்ரப்ஸ்' தொடரின் டிவிடியில் இருக்கிற சில பாட்டுகள் இணையப் பிரதியில் இல்லை. 'சாட்டர்டே நைட் லைவ்' முதல் பருவத்தை 2006இல் வட்டாக வெளியிட்டபோது விருந்தினர் பாடிய பாட்டுகள் எல்லாம் இருந்தன. இணையத்தில் அந்தப் பழைய அத்தியாயங்கள் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. வட்டு கையில் இருந்தால், அதில் உள்ளதை நாளைக்கு யாரும் வந்து மாற்ற முடியாது.

வட்டுப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. 2014 தொகுப்பைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

இடையில் ஒன்று நடந்தது. உரிமைக்கணக்கு, மறுஒளிபரப்பின் தொடக்க காலத்தில் பாட்டெல்லாம் இருந்தது என்றீர்கள் அல்லவா? பெரியப்பா பதிந்தது அந்தக் காலத்தில்தான். அவர் இப்போது இல்லை. பெரியம்மாவிடம் கேட்டேன், பரணில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது என்றார். ஒன்பது விஎச்எஸ் நாடா. முதுகில் பெரியப்பா கையெழுத்தில் தேதி. இதைப் போட்டுப் பார்க்கலாமா? சட்டப்படி ஒன்றும் தப்பில்லையே?

சட்டக்கல்

பிற்பாடு வீட்டில் பார்ப்பதற்காகத் தொலைக்காட்சியிலிருந்து பதிவது தவறில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் சோனி எதிர் யுனிவர்சல் வழக்கில் சொல்லிவிட்டது, 5க்கு 4 என்ற பெரும்பான்மையில். உங்கள் பெரியப்பா பதிந்ததும் வீட்டில் பார்க்கத்தான். விற்காதீர்கள், இணையத்தில் ஏற்றாதீர்கள். பாருங்கள்.

ஒலிக்கலவை

எடுத்த எடுப்புல கருவியில சொருகிடாதீங்க! முதல்ல மூடியைத் தூக்கி நாடா ஓரத்துல வெள்ளையாப் பூஞ்சை இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த நாடாவைத் தனியா வெச்சிடுங்க, சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. இல்லேன்னா நாடாவை ஒரு நாள் அறை வெப்பத்துல நிமிர்த்தி வெச்சு, அப்புறம் கடைசி வரைக்கும் முன்னால ஓட்டி, மறுபடி பின்னால சுத்துங்க. பல வருஷம் ஒரே இறுக்கத்துல கிடந்த சுருள் அப்பதான் சமமாகும். கருவியோட தலையையும் சுத்தம் பண்ணிக்கோங்க. முதல் தடவை போடும்போதே கணினியில பதிஞ்சிடுங்க, ரெண்டாவது தடவை ஓடுமான்னு யாருக்கும் தெரியாது.

ஆறு மணி நேர வேகத்துல பதிஞ்சிருந்தா சத்தம் போர்வைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். நாடா மெதுவா ஓடறதால அப்படி. அதுக்காக இப்பவே எதையும் தேச்சு மெருகு பண்ணாதீங்க. அப்படியே பதிஞ்சு ஒரு பிரதி வெச்சுக்கிட்டு அப்புறம் கை வையுங்க.

வட்டுப்பெட்டி

ஒன்பதில் இரண்டில் பூஞ்சை. ஒன்று பாதியில் சிக்கிக்கொண்டது, நல்லவேளை அறுந்துபோகவில்லை. ஆறு ஓடின.

நாலாவது நாடாவில் லெஸ் இருந்தார். படம் மேலே கொஞ்சம் வளைந்து நிற்கிறது, சத்தம் ஒலிக்கலவை சொன்ன மாதிரியே போர்வைக்குள் இருந்து வருகிறது. கண்ணாடி முன்னால் நிற்கிறார். டோப்பாவை எடுக்கிறார். 'ஹாட் பிளடட்' வந்தது. பெரியம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலப் பாட்டெல்லாம் பழக்கமில்லை, ஆனால் கிடார் தொடங்கின உடனே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். 'உங்க பெரியப்பா இந்த இடம் வந்தா என்னைக் கூப்பிடுவாரு, அடுப்படியில இருந்து ஓடி வருவேன்' என்றார்.

பதிந்துவிட்டேன். மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். பூஞ்சை பிடித்த இரண்டு நாடாவையும் சுத்தம் செய்ய ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றின் முதுகில் 'வான்கோழி' என்று தமிழில் எழுதியிருக்கிறது.